சாய்ஸ் லாக் செய்வதற்கு முன் பத்து நாள்: ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் ரேடியோதெரபி (கதிர்வீச்சுச் சிகிச்சை) பிரிவில் வேலை பார்க்கிறேன். நீங்கள் இப்போது எம்.பி.பி.எஸ். கடைசிப் பயிற்சியில் ஹவுஸ் சர்ஜனாக டூட்டி பார்த்துக்கொண்டே, கிடைக்கிற நேரத்தில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்கும் படித்துக்கொண்டிருப்பீர்கள். ரிசல்ட் வந்து, கவுன்சலிங் தொடங்கி, துறைகளை விருப்ப வரிசையில் போடும் சாய்ஸ் ஃபில்லிங் பக்கம் திறந்ததும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ரேடியோ டயக்னோசிஸ், ஜெனரல் மெடிசின், டெர்மட்டாலஜி, பீடியாட்ரிக்ஸ் என்று மேலிருந்து அடுக்கிக்கொண்டே வருவீர்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் படிப்பான எம்.டி. ரேடியேஷன் ஆன்காலஜி அடியில் எங்கேயோ கிடக்கும். சிலர் அதைப் போடவே மாட்டார்கள். சிலர் 'ஒரு வருஷம் வீணாகக் கூடாது' என்று கடைசியில் சேர்த்துவைத்து, அதுவே கிடைத்ததும் முகம் வாடிப்போய் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் மூன்றே மாதத்தில் விட்டுவிட்டு மறுபடியும் தேர்வுக்கு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். அந்த வரிசையை உறுதிசெய்து சாய்ஸ் லாக் செய்வதற்கு முன், உங்கள் கல்லூரியின் கேன்சர் பிரிவில் ஒரு பத்து நாள் இருந்து பாருங்கள். அப்புறம் எந்தத் துறையை வேண்டுமானாலும் எடுங்கள்.

பார்க்காமலே முடிவெடுப்பது உங்கள் தப்பு இல்லை. எம்.பி.பி.எஸ்.ஸில் புற்றுநோய்க்கென்று தனிப் பேப்பர் கிடையாது. கொஞ்சம் சர்ஜரியில், கொஞ்சம் மெடிசினில், கொஞ்சம் பெத்தாலஜியில், கர்ப்பப்பை வாய்ப் புற்று மட்டும் மகப்பேறு, பெண்கள் நோய்ப் பாடமான ஓ.ஜி.யில் என்று சிதறிக் கிடக்கிறது. ஹவுஸ் சர்ஜன் போஸ்டிங்கிலும் எங்கள் பிரிவு கட்டாயம் இல்லை. எங்கள் கட்டடமும் வளாகத்தின் கடைசி மூலையில்தான் இருக்கும், பெரும்பாலும் தரைத்தளத்தில். கதிர்வீச்சு வெளியே வராமல் இருக்க மெஷினைச் சுற்றிக் கனமான கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும். அந்தப் பாரத்தை மாடியில் ஏற்ற முடியாது. ஐந்தரை வருடம் படித்து முடித்தும் அந்த மூலைப் பக்கமே போகாமல் வெளியேறும் மாணவர்கள் ஏராளம்.

நானும் அப்படித்தான் வெளியேறினேன். அதன் விலை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஹவுஸ் சர்ஜனாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த நாட்களில், காலை ஓ.பி.யில் நூறு பேர் நிற்பார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண்கள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, 'வெள்ளை படுது டாக்டர்' என்பார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன். கர்ப்பப்பை வாயைப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்க்க ஒரு மறைப்பு வேண்டும், ஒரு நர்ஸ் வேண்டும், பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒருவருக்கும் கொடுத்ததாக நினைவில்லை.

எம்.டி. சேர்ந்த இரண்டாவது மாதம், கடலைக் காட்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மா அட்மிட் ஆனார். வயது நாற்பத்தாறு. கேஸ் ஷீட்டில் ஹிஸ்டரி எழுதினேன்: எட்டு மாதமாக வெள்ளைப்படுதல், நான்கு மாதமாக நாற்றம், இரண்டு மாதமாக ரத்தம். மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார். மூன்று இடத்திலும் மாத்திரை. ஒருவரும் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. கட்டி இடுப்பின் பக்கச் சுவர் வரை பரவி, சிறுநீர்க் குழாய்களை அழுத்தி, இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு ரேடியேஷனோடு வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் கொடுத்தால்தான் முழுப் பலன். சிறுநீரகம் கெட்டுப்போனால் சிஸ்பிளாட்டினைத் தொட முடியாது. அந்த எட்டு மாதம் அவரிடமிருந்து பறித்தது அதைத்தான். அதன் பிறகு பதினான்கு மாதம்தான் உயிரோடு இருந்தார்.

அந்த மூன்று சீட்டுகளில் எதிலும் என் கையெழுத்து இல்லை. ஆனால் அதே மாதிரி எத்தனை சீட்டுகளில் என் கையெழுத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இந்தியாவில் 2022-ல் மட்டும் ஏறக்குறைய 1.27 லட்சம் பெண்களுக்குப் புதிதாகக் கர்ப்பப்பை வாய்ப் புற்று கண்டறியப்பட்டது. 80 ஆயிரம் பேர் வரை இறந்தார்கள் என்று உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. ஐந்து சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், புற்றாக மாறுவதற்கு முந்தைய கட்டத்திலேயே வெள்ளைத் திட்டாகத் தெரியக்கூடிய நோய் இது. பத்து நாள் எங்கள் வார்டில் இருந்துவிட்டுப் போனால், நீங்கள் கண் டாக்டராகவே ஆனாலும் சரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரும் நாட்களில் அந்த மாத்திரையை முன்பு போல எழுத மாட்டீர்கள். இது ஒன்றே போதும், உங்களைக் கூப்பிட.

சரி, வந்தால் என்ன பார்ப்பீர்கள்?

முதலில் மோல்டு ரூமுக்குக் கூட்டிப்போகிறேன். வாய், தொண்டைப் புற்று நோயாளிகளுக்கு முகமூடி செய்யும் இடம். சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சுமார் எழுபது டிகிரி வெந்நீர்த் தொட்டியில் போடுவோம். சில நிமிடத்தில் ஈரத் துணி போலத் துவண்டுவிடும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, நீரை வடித்து, படுத்திருப்பவரின் நெற்றியிலிருந்து தோள் வரை இழுத்து மூடி, மேசையில் கிளிப் போடுவார்கள். டெக்னீஷியன் தன் விரல்களால் மூக்கு மேட்டிலும் தாடையிலும் மெல்ல அழுத்தி வடிவம் கொடுப்பார். 'சூடா இருக்கும், சுடாது. கண்ணை மூடிக்கிட்டு மூச்சு மட்டும் விடுங்க' என்று பேசிக்கொண்டே இருப்பார். பத்து நிமிடத்தில் அது கெட்டியாகிவிடும். அந்தப் பத்து நிமிடமும் நோயாளியால் வாய் திறக்க முடியாது. பெரும்பாலும் கைதான் பேசும். புகையிலை போட்டுப் போட்டு நாக்கில் புண் வந்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் நின்ற பிஜி மாணவியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே கிடந்தார். கழற்றும் வரை விடவில்லை. அந்த மாணவி முதல் வாரம் என்னிடம் வந்து, 'மேடம், எனக்கு இந்த பிராஞ்ச் சரிப்படாது' என்று சொன்னவர். அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முகமூடி தயாரானதும் சி.டி. எடுத்து, கம்ப்யூட்டரில் வரைவோம். மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு படம். மண்டை அடியிலிருந்து கழுத்தெலும்பு வரை ஒவ்வொரு படத்திலும் கட்டி எது, நெறிக்கட்டி எது, தண்டுவடம் எது, உமிழ்நீர்ச் சுரப்பி எது என்று கோடு போட வேண்டும். கட்டிக்கு 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) போக வேண்டும். தண்டுவடத்தில் 45-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம். காதருகே இருக்கும் பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 26-க்குள் நிறுத்தப் பார்ப்போம். நிறுத்த முடியாவிட்டால் என்ன ஆகும்? வாய் நிரந்தரமாக வறண்டுவிடும். சோறு இறங்காது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் பஸ் ஏற முடியாது. நள்ளிரவில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு எழுந்து உட்காருவார்கள். மாலை ஆறு மணிக்கு ஆளில்லாத அறையில் நீங்கள் போடும் கோடு, ஒருவர் பத்து வருடம் கழித்து ரசம் சாதம் சாப்பிடுவாரா என்பதைத் தீர்மானிக்கிறது. அறுவை அரங்கில் கத்தி பிடிக்கிற அதே கவனம் இதற்கும் வேண்டும் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

பிறகு முப்பத்தைந்து தவணை, வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம். இந்தக் கணக்கு மற்றத் துறைகளில் உங்களுக்குக் கிடைக்காத ஒன்றைத் தரும். ஒரே மனிதரை வாரம் தவறாமல் பரிசோதிப்பீர்கள். மூன்றாவது, நான்காவது வாரம் வாய் முழுக்கப் புண்ணாகி, எச்சில்கூட விழுங்க முடியாமல், 'போதும்மா, ஊருக்குப் போறேன்' என்பார். அந்த நேரத்தில் மூக்கு வழியாக உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூப் போடச் சம்மதிக்கவைப்பதும், மார்ஃபின் கொடுத்து வலியை அடக்குவதும், நடுவில் நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும் என்று விளக்கி ஏழாவது வாரம் வரை கொண்டுசேர்ப்பதும் உங்கள் வேலை. எந்த மெஷினும் அதைச் செய்யாது.

எல்லோரும் செத்துப்போகிற வார்டு என்றுதான் வெளியில் பேச்சு. குரல்நாண் புற்றை ஆரம்பத்திலேயே பிடித்தால் ரேடியேஷன் மட்டுமே போதும்; பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் குணமாகிறார்கள், குரலும் போகாது. காய்கறி மண்டியில் ஏலம் விடும் ஒருவர் வந்தார். மூன்று மாதமாகக் குரல் கம்மியிருந்தது. அவருக்குத் தொழிலே குரல்தான். 'உசுரு போனாலும் பரவால்ல டாக்டர், சத்தம் போச்சுன்னா நான் எப்படிப் பொழைக்கிறது' என்று கிசுகிசுப்பாகத்தான் கேட்டார். சிகிச்சை முடிந்து நாலாவது மாதம் ரிவ்யூவுக்கு வரவில்லை. போன் போட்டோம். பின்னால் மண்டி இரைச்சல். அதற்கு மேலே அவர் குரல், 'கிலோ இருபத்தி ரெண்டு, இருபத்தி ரெண்டு அரை' என்று ஓடிக்கொண்டிருந்தது. ஏலம் முடிந்த பிறகுதான் எங்களோடு பேசினார். டிபார்ட்மென்டில் இருந்த எல்லோரும் ஸ்பீக்கரில் கேட்டோம்.

கஷ்டமான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு மக்கள் வைத்த பெயர் 'கரண்டு'. கரண்டு வைக்கணும், கரண்டு வச்சாச்சு என்பார்கள். அந்தக் கரண்டு அறை வாசலில் மகன்கள் நம்மைத் தனியே இழுத்துப்போய், 'அம்மாவுக்குத் தெரியக் கூடாது டாக்டர், சாதாரணக் கட்டின்னு மட்டும் சொல்லுங்க' என்பார்கள். என் முதல் வருடத்தில் ஒரு மகனுக்கு அப்படி வாக்குக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, கைநரம்பில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவே சொன்னார்: 'கரண்டு வைக்கிற எடத்துக்கு எதுக்குக் கூட்டியாந்தாங்கன்னு எனக்குத் தெரியாதாம்மா? பிள்ளைங்க பயந்துரும்னுதான் கேக்காம இருக்கேன்.' இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் மறைத்து, தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். இப்போது மகன்களை உட்காரவைத்து முதலில் அவர்களிடம் பேசுகிறேன். பிறகு எல்லோரையும் ஒரே அறையில் வைத்து, அம்மாவிடம் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்கிறேன். இதை எந்தத் தேர்விலும் எனக்குக் கற்றுத்தரவில்லை. என் பேராசிரியர் பேசும்போது பின்னால் நின்று பார்த்துக் கற்றேன். நீங்களும் அப்படி நின்று பார்க்கலாம்.

உங்கள் வீட்டில் எழும் கேள்விகளும் எனக்குத் தெரியும், என் வீட்டிலும் எழுந்தவைதான். 'கரண்டு ரூமில் வேலை பார்த்தால் குழந்தை பிறக்காது' என்று என் மாமியார் பயந்தார். சிகிச்சை நடக்கும்போது டாக்டர் அந்த அறையில் இருப்பதே இல்லை. சுவருக்கு வெளியே கேமராவில் பார்ப்போம். நம் மேல் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்ய, சட்டையில் மாட்டும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்பி அளக்கிறார்கள். ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. என் அறிக்கைகள் ஒருபோதும் அதன் அருகில்கூடப் போனதில்லை. என் இரண்டு பிள்ளைகளையும் இந்தத் துறையில் இருக்கும்போதுதான் பெற்றேன். கர்ப்பமாக இருக்கிறோம் என்று தெரிந்ததும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும், பிறகு பணியை அதற்கேற்ப மாற்றித்தருவார்கள்.

பணம் பற்றிய பயத்தில் உண்மை இருக்கிறது. கதிர்வீச்சு தரும் மெஷினான லீனியர் ஆக்ஸிலரேட்டர் பல கோடி ரூபாய். தெருமுனையில் போர்டு மாட்டிச் சொந்தமாகத் தொழில் தொடங்க முடியாது. ஒரு மருத்துவமனையில் சேர்ந்துதான் வேலை பார்க்க வேண்டும். அது ஒத்துவராது என்றால் இந்தத் துறை உங்களுக்கு வேண்டாம். ஆனால் வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ரேடியேஷன் ஆன்காலஜிஸ்டை நான் இதுவரை சந்தித்ததில்லை. பிளஸ் டூவோடு மூட்டை கட்டிய பிசிக்ஸ் திரும்ப வரும் என்பதும் உண்மை. நான் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது, கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருளை சோர்ஸாக வைத்த கோபால்ட் மெஷின். கோபால்ட் 60-ன் அரை ஆயுள், அதாவது அதன் வலு பாதியாகக் குறையும் காலம், 5.27 வருடம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். அதன் அர்த்தம் வரிசையில் தெரிந்தது. சோர்ஸ் பழசாகப் பழசாக, இரண்டு நிமிடத்தில் முடிகிற சிகிச்சைக்கு நான்கு நிமிடம் ஆகும். அதே எண்பது பேர், அதே மெஷின். கடைசி நோயாளி எழும்போது இரவு பத்து மணி, ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். பிசிக்ஸ் அன்றிலிருந்து எனக்கு அந்நியமாக இல்லை. இப்போது பல அரசு மருத்துவமனைகளில் லீனியர் ஆக்ஸிலரேட்டர் வந்துவிட்டது.

வழி எது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட் பிஜி முடித்து நேரே எம்.டி. ரேடியேஷன் ஆன்காலஜி, மூன்று வருடம். கீமோதெரபி பக்கம் போக விரும்பினால் எம்.டி. ஜெனரல் மெடிசினோ பீடியாட்ரிக்ஸோ முடித்து, அடுத்த கட்ட நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். எழுதி, டி.எம். மெடிக்கல் ஆன்காலஜி இன்னொரு மூன்று வருடம். ரேடியோதெரபி எம்.டி. முடித்தவர்களும் அந்த டி.எம்.முக்குப் போகலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. அறுவை சிகிச்சை என்றால் எம்.எஸ். முடித்து எம்.சிஎச். சர்ஜிகல் ஆன்காலஜி. எம்.பி.பி.எஸ்.ஸிலிருந்து எண்ணினால் முதல் வழிக்கு எட்டரை வருடம், மற்றவற்றுக்குப் பதினொன்றரை. நீளம்தான். நோயாளிக்கு மூன்று பேரும் வேண்டும். யார் முதலில், யார் பிறகு என்று மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிக்கிறோம்.

நம் ஊரில் இந்தத் துறையே ஒரு சாய்ஸிலிருந்து வளர்ந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954 ஜூன் 18 அன்று அடையாறில் 12 படுக்கைகளோடு கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். அடுத்த வருடம் டாக்டர் வி. சாந்தாவுக்கு வயது இருபத்தெட்டு. மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. முடித்து, பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்விலும் தேறி, பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் அரசு வேலை கையில் இருந்தது. அன்றைக்குப் பெண் டாக்டர் என்றால் பிரசவம்தான் என்று இருந்த காலம். அவர் அந்த வேலையை விட்டுவிட்டு, முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியோடு அடையாறில் சேர்ந்தார். வளாகத்திலேயே தங்கி, 2021 ஜனவரி 19 அன்று இறக்கும் வரை அறுபத்தைந்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். இந்தியாவில் டி.எம். மெடிக்கல் ஆன்காலஜியும் எம்.சிஎச். சர்ஜிகல் ஆன்காலஜியும் முதன்முதலில் 1984-ல் அங்கேதான் தொடங்கின. நீங்கள் எல்லோரும் சாந்தாவாக வேண்டும் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்பது நியாயமும் இல்லை. முடிவெடுக்கும் முன் இடத்தை நேரில் பார்த்து, அங்கே இருப்பவர்களோடு பேச ஒரு வாய்ப்பு வேண்டும். அந்த வாய்ப்பைத்தான் உங்களுக்குக் கேட்கிறேன்.

இதைப் படிக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹவுஸ் சர்ஜன் யாராவது வந்து, 'சார், பத்து நாள் நிற்கட்டுமா' என்று கேட்டால், 'உங்களுக்கு இங்கே போஸ்டிங் இல்லையே' என்று அனுப்பிவிடாதீர்கள். கேஸ் ஷீட் எழுதவும் ரத்தம் எடுக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். மோல்டு ரூமில் நிற்கவிடுங்கள். உடலுக்குள்ளேயே வைத்துக் கதிர்வீச்சு கொடுக்கும் பிராக்கிதெரபியில், அரிசி முனை அளவு கதிரியக்க இரிடியம் ஒரு கம்பி வழியாகக் கர்ப்பப்பைக்குள் போய் வருவதைத் திரையில் காட்டுங்கள். வீட்டாரிடம் நீங்கள் பேசும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். 2022-ல் இந்த நாட்டில் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது. நமக்குப் பின்னால் அவர்களைப் பார்க்கப்போகிறவர்கள் இன்று எங்கோ காஷுவாலிட்டியில் ஐ.வி. லைன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பி, தங்கைகளே, எலெக்டிவ் போஸ்டிங்கில் கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நைட் டூட்டி முடித்த மறுநாள் அரை நாளாவது வாருங்கள். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பிரிவைக் கண்டுபிடிப்பது சுலபம். வளாகத்தின் கடைசி மூலைக்கு நடந்து, 'கரண்டு வைக்கிற எடம் எது' என்று டீக்கடையில் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். எங்கள் மோல்டு ரூமில் காலை எட்டரைக்கே தொட்டியில் தண்ணீர் சூடாகிவிடும். முதல் நோயாளி ஒன்பது மணிக்குப் படுப்பார். தகட்டைத் தூக்க அந்தப் பக்கம் எப்போதும் ஒரு ஆள் தேவைப்படும்.

அன்புடன்,
உங்கள் சீனியர் அக்கா ஒருத்தி
ரேடியோதெரபி பிரிவு